தலைமைக் காரியாலயம் மாற்ற நாலு பக்கமும் அழைப்பு: மட்டக்களப்பா, அம்பாறையா, வத்தளையா, கல்முனையிலேயே இருப்பதா?

மாக்காரி எழுதியது:

வணக்கம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

இடியப்ப மா, புட்டு மா, குரக்கன் மா, மிளகாய்த்தூள், கறித்தூள் அரைத்துப் பையில் அடைத்து விற்கும் கம்பனி என்னுடையது. 2009 இல் களுவாஞ்சிகுடியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு அரைக்கிற மிஷினோடு தொடங்கினேன். முதல் வருடம் அக்கம்பக்கத்தார் சுளகில் கொண்டுவந்த அரிசியை அரைத்துக் கொடுத்ததுதான் வியாபாரம். இப்போது ஆலையில் 29 பேர், காரியாலயத்தில் 9 பேர். ஆலை அதே களுவாஞ்சிகுடியில், வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி. காரியாலயம் பக்கத்து அம்பாறை மாவட்டத்துக் கல்முனையில், ஒரு கடைக்கு மேல்மாடி. 2016 இல் கடன் எடுத்த நேரம் வங்கிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று போனது. கடன் கட்டி முடிந்துவிட்டது, காரியாலயம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

குத்தகை மார்ச்சில் முடிகிறது. இப்போது மாதம் 65,000. கட்டடக்காரர் புதுக் குத்தகை உறுதிக்கு 95,000 கேட்டார். வேறு இடம் பார்க்கிறேன் என்று ஒரு தரகரிடம் வாய்விட்டதுதான் பிழை. ஒரு கிழமைக்குள் கலியாண வயதில் பெட்டை இருக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது.

மட்டக்களப்பில் திருகோணமலை வீதிப் பக்கம் ஒருவர் புதுக் கட்டடம் கட்டி முடித்திருக்கிறார். கண்ணாடி முகப்பு, லிப்ட், கீழே வாகனம் விட இடம். மாதம் 110,000, ஐந்து வருட உறுதி. முதல் ஆறு மாதம் வாடகையே வேண்டாம் என்கிறார். "உங்களைப் போல ஒரு உள்ளூர்க் கம்பனியின் பெயர்ப்பலகை முகப்பில் இருந்தால் மற்றவர்களும் வருவார்கள்" என்று சொன்னபோது, உள்ளதைச் சொன்னால், எனக்கு உச்சி குளிர்ந்துதான் போனது.

அம்பாறையில் ஒரு அதிகாரி, டவுனுக்கு வெளியே கைத்தொழிலுக்கு ஒதுக்கிய அரச காணியில் அரை ஏக்கர் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துத் தரலாம் என்கிறார். காரியாலயம் மட்டும் போதாதாம், இரண்டு வருடத்துக்குள் ஆலையையும் கொண்டுவரவேண்டுமாம். அரிசி வாங்குவது சம்மாந்துறை, அம்பாறைப் பக்க ஆலைகளில்தான், லொறிச் செலவு குறையும். அது பொய் இல்லை.

வத்தளையில் எங்கள் கொழும்பு விநியோகஸ்தர். தன்னுடைய களஞ்சியத்துக்கு மேலே ஐந்து மேசை போட இடம், கரண்ட் பில்லும் தானே கட்டுவாராம். பதிலுக்கு மேல் மாகாணம் முழுவதற்கும் ஐந்து வருட ஏகவிநியோகம்.

கடைசியாக இப்போதைய கட்டடக்காரர். மற்றவர்கள் கேட்பது காதில் விழுந்ததும் 95,000 ஐ 80,000 ஆக்கி, மழைக்கு ஒழுகுகிற கூரையையும் பார்க்கிறேன் என்கிறார். எட்டு வருடமாக ஒழுகுகிற கூரை அது.

மகன் மட்டக்களப்பு என்கிறான். என் தம்பி அம்பாறை என்கிறான், அவனுக்கு லொறி ஓடுகிறது. கணக்காளர் எதையும் சொல்லாமல் சிரிக்கிறார். இடம் மாறிப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஜவுளிக்கடை எழுதியது:

அக்கா, நான் காத்தான்குடி. சாரம், புடவை மொத்த வியாபாரம். வத்தளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வாப்பா காலத்தில் கொழும்பில் ஒருவர் இதே மாதிரிக் களஞ்சியத்தில் இடம் தந்தார். வாடகை இல்லை, தேத்தண்ணி கூட அவர் கணக்கில். இரண்டு வருடம் தேன். மூன்றாம் வருடம் எந்தக் கடைக்கு எவ்வளவு போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஆர்டர் புத்தகம் அவர் லாச்சியில். காசு பிந்தியது. கேட்டால் "சந்தை படுத்துவிட்டது" என்பார். வேறு ஆளுக்குக் கொடுக்க ஏகவிநியோக ஒப்பந்தம் விடாது. வெளியே வர வாப்பாவுக்கு ஒரு கடையை விற்கவேண்டி வந்தது.

மற்றவன் கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அவனிடம் கடன் காசு கேட்க நாக்கு எழும்பாது. அவ்வளவுதான். ஏகவிநியோகம் கொடுப்பதென்றால் ஒரு வருடத்துக்குக் கொடுங்கள், மாதம் இத்தனை கிலோ எடுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக முறியும் என்று எழுதுங்கள். மேசையையும் கதிரையையும் அவரே வைத்துக்கொள்ளட்டும்.

---

வாவிக்கரை எழுதியது:

தங்கச்சி, நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) 31 வருடம் இருந்து பென்சனில் வந்தவன். காணிக் கிளையில் கனகாலம். அம்பாறைக் கதைக்கு வருகிறேன்.

அந்த அதிகாரி நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் அரச காணியில் நீண்டகாலக் குத்தகை ஒரு மேசையில் முடிகிற காரியம் இல்லை. பிரதேச செயலகத்தில் விண்ணப்பம், காணி பற்றிய அறிக்கை, நில அளவை, மற்றத் திணைக்களங்களின் சம்மதம், பிறகு மாகாணக் காணி ஆணையாளர், அங்கிருந்து கொழும்புக்குக் காணி ஆணையாளர் நாயகம், அதற்கு மேலும் ஒப்புதல். இதில் எந்தப் படியிலும் கோப்பு தூங்கலாம். என் கையால் அனுப்பிய ஒரு கோப்பு நாலு வருடம் கழித்து, விண்ணப்பித்தவர் காலமான பிறகு, ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. "விண்ணப்பதாரி இன்னமும் ஆர்வமாக உள்ளாரா?" என்று.

உங்களுக்கு மார்ச்சில் இடம் வேண்டும். எழுத்தில் கையில் வராத காணியை நம்பி இருக்கிற கூரையை விடவேண்டாம்.

இன்னொன்று. ஆலையை மாற்றுவது வேறு, காரியாலயத்தை மாற்றுவது வேறு. ஆலை போனால் சுற்றாடல் உரிமம், உள்ளூராட்சி சபையின் வியாபார அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கரண்ட் இணைப்பு எல்லாம் முதலிலிருந்து. எஸ்எல்எஸ் தர முத்திரை எடுத்திருந்தால் அதுவும் உற்பத்தி நடக்கிற இடத்தைப் பார்த்துக் கொடுத்ததுதான். காரியாலயம் என்றால் கம்பனிப் பதிவாளருக்குப் படிவம் 13, பிறகு வங்கி, வருமான வரி, ஊழியர் சேமலாப நிதிக்காரருக்கு முகவரி மாற்றக் கடிதம். பணிப்பாளர் சபைத் தீர்மானம் ஒரு பக்கம் காணும்.

மழைக்காலத்தில் காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி தாண்டி அம்பாறைக்குப் போகிற பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பரில் அங்கே மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு மெஷினை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறும். உங்களிடம் வேலை செய்கிற பிள்ளைகள் தினமும் போகிற பாதையாக அதை ஆக்கமுன் யோசியுங்கள்.

---

ரொறன்ரோ_கல்லடி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை வாசிக்க எனக்கு அமேசான் கூத்துத்தான் நினைவு வந்தது.

2017 செப்டெம்பரில் அமேசான் இரண்டாவது தலைமையகம் கட்டப்போகிறோம், 50,000 பேருக்கு வேலை, எந்த ஊர் என்ன தரும் என்று பகிரங்கமாகக் கேட்டது. 238 இடங்கள் விண்ணப்பம் போட்டன. 2018 ஜனவரியில் 20 ஆகக் குறைத்தார்கள். அதில் அமெரிக்காவுக்கு வெளியே இருந்த ஒரே ஊர் எங்கள் ரொறன்ரோ. இங்கே அப்போது பஸ்ஸிலும் அந்தக் கதைதான். ஆனால் ரொறன்ரோ காசுச் சலுகை ஒன்றும் தரமாட்டோம், படித்த ஆட்கள் இருக்கிறார்கள், அதுதான் எங்கள் சலுகை என்று சொல்லிவிட்டது. கடைசியில் 2018 நவம்பரில் நியூயோர்க்குக்கும் வொஷிங்டனுக்குப் பக்கத்து ஆர்லிங்டனுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். நியூயோர்க்கில் சனம் கிளம்பியது, இவ்வளவு வரிச்சலுகை எதற்கு என்று. 2019 பெப்ரவரியில் அமேசான் அங்கே வரவில்லை என்று கையை எடுத்துவிட்டது.

போயிங்கையும் பாருங்கள். 2001 இல் சியாட்டிலிலிருந்து தலைமையகத்தை மாற்றுகிறோம் என்றதும் டல்லாஸ், டென்வர், சிகாகோ மூன்றும் போட்டி. சிகாகோ வென்றது. விமானம் கட்டுகிற தொழிற்சாலைகள் சியாட்டில் பக்கமே இருந்தன, பெரிய தலைகள் மட்டும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளிப் போய் இருந்தார்கள். 2022 இல் அங்கிருந்தும் கிளம்பி ஆர்லிங்டன். விமானம் கட்டுகிறவனும் முடிவு எடுக்கிறவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனதுதான் பிறகு வந்த பிரச்சினைகளுக்கு ஒரு காரணம் என்று இங்கே எத்தனையோ பேர் எழுதினார்கள்.

உங்கள் மா ஆலைக்கும் கல்முனைக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோமீற்றர்தான் இருக்கும். ஆனாலும் கேட்கிறேன்: கிழமையில் எத்தனை நாள் ஆலைக்குப் போகிறீர்கள்?

---

மாக்காரி எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி கேட்டு மாட்டிவிட்டீர்கள். கிழமையில் ஐந்து நாள் காலை ஆலை, பத்தரைக்குப் பிறகு கல்முனை, பின்னேரம் திரும்ப ஆலை. காரில் இருக்கிற நேரம் கூட. பெரியகல்லாற்றுப் பாலத்தில் நின்று போன் கதைத்தே பாதி வியாபாரம் நடக்கிறது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் முதலாளி இல்லை. கணக்குக் கிளையில் வேலை செய்கிறவள். மற்றப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லவேண்டும் போல இருந்தது.

நான் வேலை செய்த ஒரு கம்பனி (பெயர் வேண்டாம்) மட்டக்களப்பு டவுனிலிருந்து ஒருநாள் திடீரென்று கொழும்புக்கு மாறியது. எங்களுக்குச் சொன்னது பெயர்ப்பலகை கழற்றுகிற கிழமை. "விருப்பமானவர்கள் வரலாம்" என்றார்கள். இரண்டு பிள்ளையும் படுக்கையில் மாமியும் இருக்கிற நான் எப்படி வருவது? பதினொரு பேரில் இரண்டு பொடியன்கள் போனார்கள். நாங்கள் போகாமல் விட்டதை "விலகல்" என்று கையொப்பம் வாங்கப் பார்த்தார்கள், தொழில் திணைக்களத்துக்குப் போன பிறகுதான் பணிக்கொடை வந்தது.

பதினைந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கிற முதலாளி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஆளை நிறுத்துவதென்றால் அந்த ஊழியரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971 இன் சட்டம். ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை, அது 1983 இன் சட்டம். இதை உங்கள் கணக்கில் போட்டீர்களா?

அக்கா நாலு அழைப்பையும் விரிவாக எழுதியிருக்கிறா. அந்த ஒன்பது பேரைப் பற்றி "9 பேர்" என்று இரண்டு சொல். அவர்கள் எந்த ஊர்? ஆறு மணிக்குப் பிறகு பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனை பேர்?

இன்னொன்று, ஆறு மாதம் இலவசம் என்பதைக் கண்டு மயங்கவேண்டாம். 110,000 இல் ஆறு மாதம் 660,000. ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 11,000 கழிவு. ஆக உங்கள் உண்மை வாடகை 99,000. உறுதியில் வருடத்துக்கு 10 வீதம் கூடும் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஐந்தாம் வருடம் மாதம் 161,051. இலவசத்தையும் சேர்த்துச் சராசரி போட்டால் 123,000 க்கு மேல் வரும்.

---

மாக்காரி எழுதியது:

கணக்குப்பிள்ளைத் தங்கச்சிக்கு முதலில். 10 வீத வரி இருக்கிறது. ஆறாம் பக்கத்தில். நான் மூன்றாம் பக்கத்தில் "முதல் ஆறு மாதங்கள்" என்பதோடு வாசிப்பதை நிறுத்தியிருந்தேன். நீங்கள் எழுதியதைப் பார்த்து ராத்திரி எடுத்து வாசித்தேன்.

மற்றக் கேள்விக்கு வெட்கத்தோடுதான் பதில் எழுதுகிறேன். ஒன்பது பேரில் ஆறு பேர் பெண்கள். மருதமுனை இரண்டு, பாண்டிருப்பு இரண்டு, நற்பிட்டிமுனை ஒன்று, பெரியகல்லாறு ஒன்று. எல்லோரும் பஸ்தான். மட்டக்களப்புக்கு மாறினால் தினமும் போக வர எண்பது கிலோமீற்றர். வான் பிடிக்கலாம் என்று நினைத்தேன், மாதம் 140,000 கேட்டார்கள். அதாவது கண்ணாடிக் கட்டடத்துக்கு வாடகையை விட, அந்தக் கட்டடத்துக்கு ஆட்களைக் கொண்டுபோகிற வாடகை கூட.

செவ்வாய்க்கிழமை ஒன்பது பேரையும் இருத்திக் கேட்டேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுகா பாண்டிருப்புப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "மேடம், மட்டக்களப்பு என்றால் நான் வரன். ஆனால் மூன்று மாதத்துக்குத்தான் வருவன் போல." எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றுவரவு முழுக்க அவள் தலையில் இருக்கிறது. எந்தக் கடைக்காரர் திங்கட்கிழமை போன் எடுத்தால் காசு தருவார், எவர் வெள்ளிக்கிழமை எடுத்தால் தருவார் என்று அவளுக்குத்தான் தெரியும். கொம்பியூட்டரில் இல்லை அது.

அப்புறம், ஏன் மட்டக்களப்பு என்று மகன் நின்றான், நானும் ஏன் மயங்கினேன் என்று யோசித்தேன். அந்த வீதியால்தான் 2010 இல் மா பொட்டலத்தைக் கூடையில் வைத்துக் கடை கடையாக ஏறினேன். ஒரு கடையில் "களுவாஞ்சிகுடி மா எங்களுக்கு வேண்டாம், கொழும்பு மாதான் விற்கும்" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த வீதியில் என் பெயர்ப்பலகை தொங்கவேண்டும் என்று ஆசை. அதற்கு மாதம் 123,000 கொஞ்சம் கூடத்தான்.

சரி, முடிவுக்கு வருகிறேன், பாதி முடிவுதான். ஆலைக்கு முன்பக்கம் சாமான் அறைக்கு மேலே தட்டுப் போட்டு வைத்திருக்கிறேன், மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது. சுவர் எழுப்பி, மா தூசி வராமல் கதவு போட்டு, இரண்டு ஏசி வைக்க மேசன் சொன்ன கணக்கு 18 லட்சம். கீழ்த்தளத்தில் காரியாலயம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டேன். 2004 சுனாமிக்குப் பிறகு கோப்புகளைத் தரையோடு வைக்க எனக்கு மனம் வருவதில்லை. தலைமைக் காரியாலயம் அங்கே வரும். பஸ் எங்கள் சந்தியில்தான் நிற்கிறது. பெரியகல்லாற்றுப் பிள்ளைக்கு இப்போதைய தூரமேதான், மற்ற ஐந்து பேருக்கு முப்பது நிமிடம் கூடும். அதற்குப் பஸ் காசும், வேலை நேரத்தில் அரை மணித்தியாலமும் கொடுக்கிறேன் என்றேன். இரண்டு மாவட்டத்துக்கும் மாறி மாறி ஓடுகிற தொல்லையும் போகும்.

மட்டக்களப்பில் விற்பனைக்கு இரண்டு மேசை போட ஒரு சின்ன அறை பார்க்கிறேன். ரயில் மட்டக்களப்போடு முடிகிறது, கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தால் அங்கே சந்திக்கலாம். கண்ணாடிக் கட்டடக்காரரிடம் கேட்டேன், இரண்டு மேசைக்கு இடம் பிரிக்கமாட்டாராம். அம்பாறை அதிகாரிக்கு நன்றி சொல்லிக் கடிதம் அனுப்பினேன், காணி எழுத்தில் வந்தால் களஞ்சியத்துக்கு யோசிக்கலாம். வத்தளைக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஜவுளிக்கடைத் தம்பி சொன்ன மாதிரி ஒரு வருடம், மாதம் இத்தனை கிலோ என்று எழுதி அனுப்பப்போகிறேன். கோபிப்பார்.

இப்போது ஒரு புதுத் தலையிடி. பைகளில் அச்சடித்திருப்பது கல்முனை முகவரி. இடியப்ப மாப் பைக்கு அச்சடித்த ரோல் மட்டும் 400 கிலோ கையிருப்பில் கிடக்கிறது. உணவுப் பொதியில் சரியான பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்பது சட்டம். முகவரி இருக்கிற நிறத்துக்கு அச்சுச் சிலிண்டரும் புதிதாக வெட்டவேண்டும். யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

---

ஜவுளிக்கடை எழுதியது:

அக்கா, நம்முடைய சொந்தக்காரர் ஒருவர் பிஸ்கட் போடுகிறார், இதே கதைதான் அவருக்கும். புது முகவரியைச் சின்ன ஸ்டிக்கராக அடித்துப் பழையதை மறைத்து ஒட்டினார். ஒட்டமுன் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். நீங்களும் கேளுங்கள். சிலிண்டர் வெட்டும்போது காரியாலய முகவரியை விட்டு ஆலை முகவரியைப் போடுங்கள். ஆலை எப்படியும் அசையாதே.

---

மாக்காரி எழுதியது:

அசையாது. கரண்ட் இணைப்புக்கே எட்டு மாதம் அலைந்தேன்.

ஸ்டிக்கர் ஒட்ட ஆட்களைக் கணக்குப் பண்ணினேன். ஒரு பைக்கு நாலு செக்கன், கிட்டத்தட்ட நாற்பதாயிரம் பை. பாண்டிருப்புப் பிள்ளை, "மேடம், அதை நாங்கள் பின்னேரம் இருந்து ஒட்டுறம், ஓவர்டைம் போடுங்கோ" என்கிறாள். அவள் பற்றுவரவை விட்டு ஸ்டிக்கர் ஒட்டப்போனால் திங்கட்கிழமைக் கடைக்காரர்களுக்கு யார் போன் எடுப்பது?